பறவைக்கு ஒரு பிடி



காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்த பின்னரே உண்ணுதல் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பெரம்பலூரில் கல்லூரியில் பயிலும் என் பேரன் அண்மையில், "தாத்தா, மும்பையில் புறாவுக்குத் தானியம் போட்டால் தண்டனையாமே! பாட்டி நாள்தோறும் செய்வதும் குற்றமா?" என்று வினவினான். வினா சிறியது, விடையோ ஆராயத்தக்கது.

மும்பை மாநகரில் தாதர் முதலிய இடங்களில், புறாக்களுக்கு இரையிடும் பொதுவிடங்கள் பல தலைமுறைகளாக இருந்துவந்தன. 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவற்றை மூடுமாறு மகாராட்டிர அரசு பணித்தது. தடையை மீறுவோர்மீது வழக்குப் பதியுமாறு பம்பாய் உயர்நீதிமன்றம் கூறிற்று. உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. காரணம் யாது? ஓரிடத்தில் அளவின்றி இரை கிடைப்பின் புறாக்கள் அங்கேயே பெருகுகின்றன. அவற்றின் எச்சம் உலர்ந்து பொடியாகிக் காற்றிற் கலக்கிறது. அதனை நெடுநாள் சுவாசிப்போரில் சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகிறது. இலண்டன் திரபால்கர் சதுக்கத்திலும் 2003ஆம் ஆண்டில் இத்தகைய தடை வந்தது. சிங்கப்பூரில் 2020 முதல் காட்டுயிர்களுக்கு இரையிடுதலே குற்றமாகும்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வீட்டு முற்றத்தில் காக்கைக்குச் சோறிடுவதைத் தடுக்கவில்லை. பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பதையே தடுக்கிறது. என் இளமையில் எங்கள் திண்ணையில் ஒரு கிளிக்கூண்டு தொங்கிற்று. நாள்தோறும் கோவைப்பழம் ஊட்டினேன். அதனை அன்பு என்றே எண்ணினேன். அதன் சிறகுகள் வெட்டப்பட்டிருந்தமையைக் கண்டும் அதன் பொருளை உணர்ந்தேன் அல்லேன். ஆசிரியனாகிப் பிறர்க்குப் பாடம் சொன்ன பின்னரே அது என் நெஞ்சை உறுத்திற்று.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியைக் காணுங்கள். 1999இல் பறவைகள் சரணாலயமான அவ்வேரி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் அங்கே வருகின்றன. அவை நம்மிடம் தானியம் கேட்பதில்லை. புள்ளம்பாடி வாய்க்கால் கொணரும் நீரும், நாம் காக்கும் அமைதியும் போதும். இரையை அவையே தேடிக்கொள்ளும்.

பேரனிடம் நான் கூறிய விடை இதுதான்: "பாட்டி இடுவது ஒரு பிடி, மூட்டை அன்று. அக்காக்கை உண்டதும் பறந்துவிடுகிறது. பறவையின் சிறகையும் அண்டை வீட்டாரின் மூச்சையும் கெடுக்காத வரையில்தான் நாம் இடுவது அறம்."