ஏப்ரல் எலுமிச்சைக்கு அக்டோபர் பூ

இன்னைக்கு டாபிக் ஒரு சோடாக் கடையில இருந்து வந்தது. நான் ஒரகடத்துல ஷிஃப்ட் வேலை பாக்குறவன். ஜனவரியில கடைக்கார அண்ணன் லெமன் சோடாவுக்கு முழுப் பழம் பிழிவாரு. ஏப்ரல், மே வெயில்ல வேர்த்து வழிஞ்சு போய் நின்னா அரைப் பழம்தான். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. 2022 ஏப்ரல்ல நாட்டுல பல ஊர்ல எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டுச்சே!

எலுமிச்சை வருஷம் பூரா காய்க்கிற மரம்தானே? ஆமா. ஆனா கொத்தா பூக்குறது மூணு பருவம்: ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர். பூ பழமாக 5, 6 மாசம் ஆகும். அப்போ கோடைக்குப் பழம் வேணும்னா அக்டோபர் வாக்குல பூக்கணும். அந்தப் பூதான் ரொம்பக் கம்மி.

ஏன்னா குளிர்நாட்டுல இந்த வகை மரங்களைப் பூக்க வைக்கிறது குளிர். நம்ம ஊர்ல அந்த வேலையைச் செய்யறது வறட்சி. தண்ணி பாய்ச்சாம கொஞ்ச நாள் மரத்தை வாட விட்டு, அப்புறம் தண்ணி விட்டா பூ தள்ளும். ஆனா தமிழ்நாட்டுல அக்டோபர்னா வடகிழக்குப் பருவமழை. வானமே ஊத்தும்போது மரத்தை எப்படிக் காயப் போடுறது? போதாததுக்கு, ஜூன்ல பூத்தது அப்போ காயாத் தொங்கும். காய் நிறைஞ்ச மரம் அடுத்த பூவை அடக்கி வைக்கும்.

இங்கதான் ஜிப்ரலின் வருது. 1926-ல குரோசாவாங்கிற ஜப்பான் விஞ்ஞானி, நெற்பயிரை ஒல்லியா, தாறுமாறா வளர வைக்கிற ஒரு பூஞ்சைநோயை ஆராய்ஞ்சாரு. பூஞ்சை வளர்ந்த திரவத்தை மட்டும் கொடுத்தாலே பயிர் அப்படி வளர்ந்துச்சு. அதுல இருந்ததுதான் ஜிப்ரலின். செடிகள் தானாவும் இதைத் தயாரிக்குது. 1964-ல மோன்செலிஸ், ஹாலெவின்னு ரெண்டு பேர், இது எலுமிச்சைக் குடும்பத்துல பூ மொட்டு உருவாகுறதைத் தடுக்குதுன்னு எழுதினாங்க. மொட்டு இலையாகவா பூவாகவான்னு முடிவெடுக்கிற நேரத்துல, ஜிப்ரலின் அதை இலைப் பக்கம் தள்ளும்.

இதை வெச்சு தோட்டக்கலைக்காரங்க செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜூன்ல ஜிப்ரலிக் அமிலம் 50 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 50 மில்லிகிராம் தெளிப்பாங்க. அந்தப் பருவப் பூ குறையும், மரம் சத்தைச் சேமிக்கும். செப்டம்பர்ல அப்படியே பல்ட்டி. ஜிப்ரலின் உற்பத்தியையே தடுக்கிற சைக்கோசெல், 1000 பிபிஎம். அக்டோபர்ல பொட்டாசியம் நைட்ரேட் 2 சதவீதம். அதே ஹார்மோனை முதல்ல ஊத்திக் கொடுத்து, அப்புறம் குழாயை மூடுறாங்க!

ஆனா விவசாயிக்கு இது சூதாட்டம் மாதிரிதான். ஜூன்ல பூவைக் குறைச்சா அந்த மழைக்காலப் பழத்தோட வருமானம் போச்சு. மருந்துச் செலவு கையை விட்டுப் போயிருக்கும். அக்டோபர் பூ மழையில கொட்டிடுச்சுன்னா ரெண்டும் இல்ல. புளியங்குடி பக்கமோ ஆந்திராவுல கூடூர் பக்கமோ ஒருத்தர் எடுத்த அந்த ரிஸ்க்தான் ஏப்ரல்ல உங்க சோடாவுக்குள்ள வருது. பழம் 10 ரூபாயான்னு வாய் பிளக்குறப்போ இதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

சரி, உங்க பால்கனி எலுமிச்சை பூக்கலையா? ஆன்லைன்ல ஹார்மோன் பாட்டில் தேடாதீங்க. விதையில இருந்து முளைச்சதுன்னா பூக்க சில வருஷம் ஆகும், முள்ளு மட்டும் தாராளமா வரும். ஓரளவு வளர்ந்த செடியா இருந்தா தினமும் தண்ணி ஊத்துறதை நிறுத்திட்டு, மழை இல்லாத நாள்ல இலை லேசா துவள்ற வரைக்கும் விடுங்க. அப்புறம் நல்லா ஊத்துங்க. யூரியாவைக் கொட்டாதீங்க, இலைதான் வரும்.