நோக்கு ஒருமுகப்படுதல்



நாமக்கல்லில் எழுந்தருளியுள்ள ஆஞ்சநேயப் பெருமானின் திருமேனி 18 அடி உயரமுடையது. மேலே கூரையில்லை. வெயிலும் மழையும் அத்திருமேனியின் மீதே விழுகின்றன. எதிரே, எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குன்றைக் குடைந்து அமைத்த கோயிலில் நரசிம்மப் பெருமான் வீற்றிருக்கின்றார். கூப்பிய கை கூப்பியபடியே இருக்க, தம் இறைவனை விட்டு ஆஞ்சநேயர் கண்ணை அகற்றுவதேயில்லை. அவர்முன் நிற்கும் அடியாரின் கண்ணோ அடிக்கொருதரம் கைப்பேசியின்மேல் தாழ்கின்றது!

2022 டிசம்பரில், திருச்செந்தூர்த் திருக்கோயில் பற்றிய வழக்கொன்றில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு அறநிலையத் துறைக்கு ஆணையிட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் இத்தடை 2018-லேயே வந்துவிட்டது; பழனியில் 2023 அக்டோபர் முதல் நடைமுறையாயிற்று. கோயிலின் தூய்மை கருதியே நீதிமன்றம் இவ்வாறு பணித்தது. ஆயினும் இதில் அடியார்க்குக் கிடைத்த பெரும் பேறு வேறொன்று. தீபாராதனை நடக்கும் அச்சிறு பொழுதைப் படமெடுப்பவர் பின்னர்க் காண்பது படத்தையே; தரிசனம் கைநழுவிப் போய்விடுகின்றது.

மனம் ஒரு செயலை விட்டு மற்றொன்றிற் புகுந்து மீளும்போது, விட்ட இடத்தில் உடனே ஊன்றுவதில்லை. படிக்கும் மாணவன் மணியோசை கேட்டு ஒருமுறை திரையைப் பார்த்தால், பாடத்தின் தொடர்ச்சி அறுந்துவிடுகின்றது. சேலம், நாமக்கல் பகுதிகளில் பிள்ளைகளின் படிப்புக்காக நிலத்தை அடகு வைக்கும் பெற்றோர் உளர். அப்பணம் எங்கே கரைகின்றதென்று அவர்கள் அறியார்.

உறக்கத்தின் நிலையும் இதுவே. 2015-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், படுக்குமுன் ஒளிவிடும் திரையில் நூல் படித்தோர்க்கு, அச்சு நூல் படித்தோரைவிட ஏறத்தாழ 10 நிமிடம் தாமதமாகவே உறக்கம் வந்தது. உறக்கத்தைத் தூண்டும் சுரப்பும் குறைந்து பிந்தியது. ஆய்வுக்குட்பட்டோர் 12 பேரே. எனினும் நள்ளிரவில் திரையொளி வீசும் வீடுகளைப் பார்ப்போர்க்கு அம்முடிவு வியப்பளிக்காது.

இஃது உயிர்க்கே கேடாகும் இடமொன்றுண்டு. நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியின் ஓட்டுநர் 3 விநாடி திரையை நோக்கினால், வண்டி 50 மீட்டர் தூரம் கண்ணில்லாமல் ஓடிவிடுகின்றது. முந்தின இரவு உறக்கமும் கெட்டிருந்தால் கேட்கவா வேண்டும்? கருவியை முற்றும் பழிப்பது நியாயமன்று. வடநாட்டுச் சாலையிலிருந்து குழந்தையின் முகத்தை அவ்வோட்டுநர் காண்பதும் அதனாலேதான். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் காண்பதில் ஒரு குற்றமுமில்லை.

கோயில் வாயிலில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு வருவோரைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். கொடிமரம் தாண்டிய பின்னும் சிலருடைய கை வெறும் சட்டைப்பையைத் தடவுகின்றது. கருவறையை நெருங்க நெருங்க அக்கை மெல்ல மேலெழுந்து, மற்றொரு கையோடு சேர்கின்றது.