மரக்கரண்டியும் முதலிடமும்: கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வின் கதை



புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால், பெரும்பாடு முடிந்தது என்று இல்லத்தார் நிம்மதி கொள்வது இயல்பு. உள்ளே சென்ற பிள்ளைக்கோ அன்றுதான் பாடு தொடங்குகிறது. பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள் மட்டுமே கூடியிருக்கும் வகுப்பில், அவர்களுள் ஒருவர் கடைசியாக வந்தே தீரவேண்டும். இதனை உலகிற்கு மிகத் தெளிவாகக் காட்டிய இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அங்கே கடைசியாக வந்தவருக்கும் ஒரு பரிசு உண்டு. அது ஒரு மரக்கரண்டி.

கேம்பிரிட்ஜில் பட்டத்தேர்வுக்கு 'டிரைபாஸ்' என்று பெயர். முக்காலி என்பது அச்சொல்லின் பொருள் என்பர். கணித டிரைபாஸில் முதல் வகுப்பினர் 'ரேங்லர்' எனப்பட்டனர். அவர்களுள் தலைவர் 'சீனியர் ரேங்லர்'. அதன்பின் இரண்டாம், மூன்றாம் வகுப்பினர். முதல்வர் முதல் கடைசி மாணவர் வரை அனைவர் பெயரும் தரவரிசையில் செனட் மண்டபத்தில் உரக்கப் படிக்கப்படும். கடைசிப் பெயருக்குரியவர் பட்டம் பெறும் நாளில், மேல்மாடத்திலிருந்து தோழர்கள் மரக்கரண்டியைக் கயிற்றில் கட்டி அவர் முன் இறக்குவர். அதனைச் சிரித்துக்கொண்டே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது வழக்கு. கேலிக்குரிய அந்த மாணவரும் சிறப்புப் பட்டம் பெற்றவரே என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

1854ஆம் ஆண்டின் தேர்வு எத்தகையது? எட்டு நாள்கள், 16 தாள்கள், 211 வினாக்கள், மொத்தம் 44½ மணி நேரம். அவ்வாண்டில் எட்வர்ட் ரூத் முதலிடம் பெற்றார். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இரண்டாமிடம். மின்காந்தவியலின் அடிப்படைச் சமன்பாடுகளைப் பின்னாளில் உலகிற்கு அளித்தவர் இந்த இரண்டாமவர்தாம். தேர்வுக்கு முந்தைய ஆண்டில் அவர் கடும் நோயுற்று, கிராமத்துப் பாதிரியார் ஒருவர் இல்லத்தில் சில வாரங்கள் பராமரிக்கப்பட்டார். டிரைபாஸை அடுத்து, ஆழ்ந்த சிந்தனையைக் கோரும் ஸ்மித் பரிசுத் தேர்வு நடந்தது. அதில் ரூத்தும் மாக்ஸ்வெல்லும் சமம் என்று அறிவிக்கப்பட்டனர். அதே இருவர், அதே ஆண்டு. அளவுகோல் மாறியதும் முடிவு மாறிற்று.

இத்தகைய தேர்வுக்குப் பல்கலைக்கழகம் நடத்திய சொற்பொழிவுகள் போதவில்லை. ஆகவே தனிப்பயிற்சி ஆசிரியர்கள் தோன்றினர். மாணவர்கள் பணம் செலுத்தி அவர்களிடம் பயின்றனர். பேராசிரியர்களின் விரிவுரை அறைகளோ காலியாகக் கிடந்தன. வில்லியம் ஹாப்கின்ஸ் என்பவருக்குச் 'சீனியர் ரேங்லர்களை உருவாக்குபவர்' என்றே பட்டப்பெயர் அமைந்தது. அவருக்குப் பின் அந்த இடத்தைப் பிடித்தவர், மாக்ஸ்வெல்லை முந்திய அதே ரூத். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் சீனியர் ரேங்லர் ஆயினர். வாரந்தோறும் அவர் ஒரு வினாத்தாள் தருவார். மதிப்பெண்கள் வரிசையாக அனைவர் பார்வைக்கும் வைக்கப்படும். ஆக, ஆண்டு இறுதியில் ஒருமுறை வரவேண்டிய தரவரிசை வாரம் ஒருமுறை வந்தது. பிற்பகலில் நெடுநடையோ படகு வலித்தலோ மாணவர்களின் நாளில் கட்டாயம் இடம்பெற்றது. இன்பத்திற்காக அன்று, மறுநாள் படிக்கும் வலிமைக்காக.

அத்தகைய ஒழுங்கையும் மீறி உடைந்தவர்கள் உண்டு. பிரான்சிஸ் கால்டன் ஹாப்கின்ஸிடம் பயின்ற மாணவர். மூன்றாம் ஆண்டில் மிகு உழைப்பால் மனமும் உடலும் நலிந்து, சிறப்புத் தேர்வைக் கைவிட்டு, சாதாரணப் பட்டத்தோடு வெளியேறினார். அதே கால்டன் 1869இல் மேதைமை பரம்பரையாக வருவது என்று நிறுவ ஒரு நூல் எழுதினார். அதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டவற்றுள் இந்தத் தேர்வின் மதிப்பெண்களும் அடங்கும். ஓராண்டில் மொத்த மதிப்பெண் 17,000, முதல்வர் பெற்றது 7,634, இரண்டாமவர் 4,123, கடைசியாகச் சிறப்புப் பட்டம் பெற்றவர் 237. முதல்வருக்கும் கடைசியானவருக்கும் முப்பது மடங்குக்கு மேல் வேறுபாடு என்று வியந்தார் கால்டன். அந்த எண்களுக்குப் பின்னால் மூன்று ஆண்டுத் தனிப்பயிற்சியும், அதற்குரிய செல்வமும், உடல் தாங்கும் திறனும் இருந்தன. அவற்றைத் தம் உடம்பாலேயே அறிந்தவர் அவற்றைப் போதிய அளவில் எண்ணிப்பார்க்கவில்லை என்பதே இக்கதையில் விந்தை. முதல்வரே பாதி மதிப்பெண்ணையும் எட்டவில்லை என்பதும் கவனத்திற்குரியது. எவராலும் முடிக்க இயலாதபடி தேர்வு அமைந்திருந்தது. எவ்வளவு அறிந்தவர் என்பதைக் காட்டிலும், எவ்வளவு விரைவில் எழுதுபவர் என்பதையே அது பெரிதும் அளந்தது.

1890இல் அந்த வரிசைக்கு எதிர்பாராத ஒரு சோதனை வந்தது. நியூனம் கல்லூரி மாணவி பிலிப்பா ஃபாசெட், 'சீனியர் ரேங்லருக்கும் மேல்' என்று செனட் மண்டபத்தில் அறிவிக்கப்பட்டார். ஆடவர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற விதியில்லை, பட்டமும் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல். சுமை இருபாலார்க்கும் ஒன்றாகவே இருந்தது, பலன்தான் வேறு.

1899இல் ஆர். பி. பராஞ்ச்பே மற்றொரு மாணவரோடு முதலிடத்தைப் பகிர்ந்து, முதல் இந்தியச் சீனியர் ரேங்லர் ஆனார். 'ரேங்லர்' என்பது வாழ்நாள் முழுதும் அவர் பெயருக்கு முன் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் நான்காம் இடம் பெற்றவர் ஜி. எச். ஹார்டி. பயிற்சியின் வெறுமையால் சலிப்புற்று, கணிதத்தை விட்டு வரலாறு படிக்கலாமா என்றுகூட எண்ணியவர் அவர். லவ் என்னும் ஆசிரியர் பரிந்துரைத்த பிரெஞ்சுக் கணித நூல் ஒன்றைப் பயின்ற பிறகே கணிதம் என்பது என்னவென்று உணர்ந்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார். தரவரிசையை ஒழிக்க முன்னின்றவர்களுள் ஹார்டியும் ஒருவர். 1909ஆம் ஆண்டோடு அது ஒழிந்தது. அவ்வாண்டின் கடைசி மரக்கரண்டி ஒரு படகோட்டி மாணவருக்குக் கிடைத்தது. படகுத் துடுப்பால் செய்யப்பட்ட அது ஒரு மீட்டருக்கும் மேல் நீளமானது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1914இல், ஹார்டியின் அழைப்பில் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார் இராமானுஜன். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தவர், சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தவறியவர். கணிதம் தவிர ஏனைய பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை. டிரைபாஸ் எழுதும்படி அவரை எவரும் கேட்கவில்லை. 1916இல் ஆய்வின் அடிப்படையிலேயே பட்டம் வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் ராயல் சொசைட்டியின் உறுப்பினரும் ஆனார். தேர்வு என்னும் வாயிலைச் சுற்றிக்கொண்டு செல்ல ஒரு வழி இருந்ததால் உலகிற்குக் கிடைத்தவர் அவர்.

தரவரிசை போனபின் சுமை போயிற்றா? இல்லை, வடிவம் மாறிற்று. இன்று கேம்பிரிட்ஜில் ஆண்டுக்கு மூன்று பருவங்கள். பாடம் நடக்கும் காலம் பருவத்திற்கு எட்டே வாரங்கள். மற்ற பல இடங்களில் கூடுதல் வாரங்களில் பரவிக்கிடக்கும் பாடம் எட்டு வாரங்களுக்குள் அடைக்கப்படுகிறது. விரிவுரை, கணக்குத் தாள்கள், இருவர் மூவராக ஆசிரியர் முன் அமர்ந்து விடைகளை விளக்கவேண்டிய வகுப்புகள் என வாரம் கழிகிறது. அந்தச் சிறு வகுப்பில் பின்வரிசை என்று ஒன்றில்லை. படிக்காமல் வந்தவர் ஒளிய இடமில்லை. பருவத்தின் நடுவில் வரும் தளர்ச்சிக்கு 'ஐந்தாம் வாரச் சோர்வு' என்று மாணவர்களே பெயரிட்டிருக்கின்றனர். கணித மாணவருக்கு ஆண்டு இறுதியில் நான்கு தாள்கள், தாளுக்கு மூன்று மணி நேரம். 44½ மணி நேரம் 12 ஆயிற்று. அச்சம் அதே விகிதத்தில் குறைந்ததாகச் சொல்வதற்கில்லை.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில ஏற்பாடுகளும் அங்கு உண்டு. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவருக்கு டியூட்டர் ஒருவர் அமர்த்தப்படுகிறார். பாடம் நடத்துவது அவர் பணியன்று, நலம் பேணுவதே பணி. பல்கலைக்கழகம் உளநல ஆலோசனைப் பிரிவு நடத்துகிறது. உடலோ மனமோ நலிந்தவர், கல்லூரியின் ஒப்புதலோடு படிப்பை இடையில் நிறுத்தி, நலம்பெற்றுத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனைத் தோல்வியாகப் பதிவு செய்வதில்லை. பிள்ளை அந்த வழியைக் கேட்கத் தயங்குவது பெரும்பாலும் கல்லூரிக்கு அஞ்சி அன்று. இல்லத்தில் என்ன சொல்வார்களோ என்று அஞ்சியே. 'எத்தனையாவது இடம்?' என்ற கேள்வியைக் கல்லூரி 1909இலேயே கைவிட்டுவிட்டது. தொலைபேசியில் அதனை இன்றும் கேட்பவர்கள் பெற்றோர்களே.

கல்லூரியும் முழுமையாகக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தரவரிசை ஒழிந்த பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்கள் அகர வரிசையில்தான் படிக்கப்பட்டன. ஆனால் செனட் மண்டபத்தின் மாடத்தில் நின்று பட்டியலைப் படிக்கும் தேர்வாளர், ஒரே ஒரு பெயர் வரும்போது மட்டும் தம் தொப்பியைச் சற்றே உயர்த்துவது வழக்கமாக இருந்தது. கீழே கூடிநின்ற மாணவர்கள் அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.