கலமும் எரிபொருளும்



"பாத்திரமறிந்து பிச்சையிடு" என்பது தமிழர் நன்கறிந்த பழமொழி. இடுவதற்கு மட்டுமன்றி, வைப்பதற்கும் பாத்திரம் அறிதல் வேண்டும் என்பதை வீட்டுப் பெண்கள் எந்த நூலின் துணையுமின்றி அறிவர். புளி கரைத்த குழம்பை ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் எவரும் விட்டுவைப்பதில்லை. கற்பூரத்தை மூடாத சிமிழில் வைப்பதுமில்லை. முன்னையது களிம்பேறிக் கெடும். பின்னையது காற்றோடு கலந்து மறையும். அடுக்களையில் விளங்கும் இவ்விரு உண்மைகளும் மோட்டார்ப் பந்தயக் களத்திற்கும் பொருந்துவன. பந்தய ஊர்திக்கு ஊற்றப்படும் உயர்ந்த எரிபொருள் எக்கலத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தே அதன் தரம் நிலைக்கிறது, அல்லது குன்றுகிறது.

தரம் என்பது யாது? இலங்கையின் எரிபொருள் நிலையங்களில் 92, 95 என எழுதப்பட்டிருக்கும் எண்களை நேயர்கள் கண்டிருப்பர். அவை ஒக்டேன் எண்கள். எஞ்சின் உருளையினுள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்படுகின்றன. தீப்பொறி மூட்டிய சுவாலை ஒழுங்காகப் பரவி முடியுமுன், எஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுமாயின், உலோகத்தைச் சுத்தியலால் அடித்தாற் போன்ற ஓசை எழும். இதனைத் தட்டல் என்பர். இத்தட்டலை எதிர்க்கும் ஆற்றலே ஒக்டேன் எண்ணால் அளக்கப்படுகிறது. ஐசோ-ஒக்டேன் என்னும் பொருளுக்கு 100 என்றும், ஹெப்டேன் என்னும் பொருளுக்கு 0 என்றும் அளவு வகுக்கப்பட்டது. பந்தய எஞ்சின் கலவையை மிகுதியாக அமுக்கியே வலிமை பெறுகிறது. ஆதலின் பல பந்தய எரிபொருள்களின் எண் 100ஐயும் கடந்து நிற்கும். அந்த எண் குன்றிவிட்டால், கடுந்தட்டல் பிஸ்டனைத் துளைத்துவிடக் கூடும். அதிவேகத்தில் எஞ்சின் சிதறுமாயின், சாரதியின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பெற்றோல் தனிப்பொருளன்று, நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. அவற்றுள் பியூற்றேன் 0 பாகை செல்சியசை அண்டியே கொதிப்பது. ஐசோ-பென்ரேன் ஏறத்தாழ 28 பாகையில் கொதிப்பது. குளிர்ந்த எஞ்சினை எளிதில் இயங்கச் செய்பவை இத்தகைய இலேசான பொருள்களே. மூடி இறுகாத கலத்தில் முதலில் விடைபெறுவனவும் இவையே. ஒக்டேன் எண்ணை உயர்த்துவதற்காகச் சில எரிபொருள்களிற் சேர்க்கப்படும் எம்.ரி.பி.ஈ. என்ற பொருள் 55 பாகையளவிற் கொதிப்பது. அதுவும் மெல்ல நழுவிவிடும். கலத்தில் எஞ்சுவது அடர்த்தி மிகுந்த வேறோர் எரிபொருளாகிவிடுகிறது. பழைய அளவுக்கேற்பத் திருத்தி வைக்கப்பட்ட எஞ்சின் இப்புதிய திரவத்தோடு இணங்காது.

அடுத்த பகை ஒட்சிசன். பெற்றோலிலுள்ள சில ஐதரோகாபன்கள் காற்றோடு கூடிப் பேரொட்சைட்டுகளாக மாறுகின்றன. இவை தட்டலைத் தூண்டுவன. காலப்போக்கில் பசை போன்ற பொருளும் தோன்றி, எரிபொருள் செல்லும் நுண்துளைகளை அடைத்துவிடும். செம்பு இம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. ஆகவே செம்பும் பித்தளையும் நீண்டகாலச் சேமிப்புக்கு ஆகாதவை. பாதி வெறுமையான பீப்பாயில் காற்று மிகுந்திருத்தலால், எஞ்சிய எரிபொருளைச் சிறிய கலத்துக்கு மாற்றுதல் நன்று. ஆயினும் கலத்தை வாய்வரை நிரப்புதல் தவறு. வெப்பம் 10 பாகை உயரின், 100 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ ஒரு லீற்றர் விரியும். அதற்கு இடம் விட்டே மூட வேண்டும்.

மூன்றாவது பகை ஒளி. 1921ஆம் ஆண்டில் அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லி, நாலெதயில் ஈயம் என்ற பொருள் தட்டலைத் தணிப்பதைக் கண்டறிந்தார். அது நஞ்சாதலின், வீதி ஊர்திகளுக்கு ஈயம் கலந்த பெற்றோல் விற்பது படிப்படியாகக் கைவிடப்பட்டு, 2021ஆம் ஆண்டில் அல்ஜீரியாவோடு முற்றுப்பெற்றது. பந்தய எரிபொருள்கள் சிலவற்றில் அது இன்றும் உண்டு. வெயில் படின் இவ்வீயச் சேர்வை சிதைந்து, திரவம் கலங்கி, அடியில் மண்டி படியும்; ஒக்டேன் எண்ணும் இறங்கும். ஒளி ஊடுருவும் வெண்ணிறப் பிளாஸ்ரிக் கலம் தூக்குதற்கு எளிது. உள்ளிருக்கும் அளவைக் காண்பதற்கும் வசதியானது. அவ்வசதியே வெயிலுக்கும் வழிவிடுகிறது.

பிளாஸ்ரிக்கிற்கு மற்றொரு குறையும் உண்டு. பொலியெதிலீன் சுவரில் துளை எதுவும் இல்லாவிடினும், பெற்றோலின் மூலக்கூறுகள் அதனூடாக மெல்ல வெளியேறுகின்றன. இதனை உணர்ந்த அமெரிக்க அரசு, 2009 முதல் புதிய கைக்கலங்களில் ஒரு கலன் கொள்ளளவுக்கு நாளொன்றுக்கு 0.3 கிராமுக்கு மேற்பட்ட ஆவி வெளியேறலாகாது என வரையறுத்தது. சுவரின் உட்புறத்தைப் புளோரீன் வாயுவாற் பதப்படுத்துதல் இவ்வூடுருவலைக் குறைக்கும் முறைகளுள் ஒன்று.

கலத்தின் அருமையை உலகுக்கு உணர்த்தியது இரண்டாம் உலகப் போர். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியப் படை நான்கு கலன் கொள்ளும் மெல்லிய தகரப் பெட்டிகளிற் பெற்றோல் கொண்டு சென்றது. குலுக்கலில் அவற்றின் பொருத்துகள் பிளந்து, எரிபொருள் மணலிற் சிந்தியது. ஜெர்மானியரிடம் இருந்ததோ 20 லீற்றர் கொள்ளும் உருக்குக் கலம். பற்றவைத்த பொருத்து, நெம்புகோலால் இறுகும் மூடி, உட்பூச்சு, விரிவதற்கு இடம், மூன்று கைபிடிகள் ஆகிய யாவும் அதில் அமைந்திருந்தன. கைப்பற்றிய கலங்களைப் பிரித்தானியர் விரும்பிப் பயன்படுத்தி, பின்னர் அதே வடிவிற் செய்தும் கொண்டனர். ஜெரிக்கான் என்று இன்றும் வழங்குவது அதுவே.

மதுசார எரிபொருளின் இயல்பு வேறு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் 1964ஆம் ஆண்டு நேர்ந்த பெற்றோல் தீயில் இரு சாரதிகள் மாண்டனர். அதன்பின் மெதனோல் அங்கு வழக்கிற்கு வந்து, பல்லாண்டுகள் நிலைத்தது. மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். ஆகையால் ஓட்டம் முடிந்ததும் எரிபொருளை வடித்துக் குழாய்களைக் கழுவுதல் தேர்ந்த பொறிவினைஞர் வழக்கம். பெற்றோலில் எதனோல் கலந்திருப்பின் வேறொரு தீங்கு நேரும். கலத்தினுள் நீர் மிகுமாயின், எதனோல் நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும்; மேலே நிற்கும் பெற்றோல் தன் ஒக்டேன் வலிமையை இழந்து நிற்கும்.

எரிபொருளின் இயைபு பந்தய நீதிக்கும் உரிய பொருள். 1995ஆம் ஆண்டு பிரேசில் நாட்டுப் போர்மியூலா வன் பந்தயத்தில் முதலிடம் பெற்ற சூமேக்கரும், இரண்டாமிடம் பெற்ற குல்தார்டும், எரிபொருள் முன்னர் ஒப்படைத்த மாதிரியோடு ஒவ்வாமையால் நீக்கப்பட்டனர். மேன்முறையீட்டில் சாரதிகளின் புள்ளிகள் மீண்டன. அணிகளின் புள்ளிகள் மீளவில்லை. அவ்வழக்கு கலத்தைப் பற்றியதன்று. எனினும், ஆய்வுகூடக் கருவி எத்துணை நுண்ணிய வேறுபாட்டையும் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு அது சான்று. காப்பிலே கவனக்குறைவு நேரின், நேர்மையாளனும் ஐயத்துக்கு உள்ளாகக் கூடும்.

எனவே செய்யவேண்டுவன சிலவே. இறுக மூடும் கலம். உட்பூச்சுள்ள உருக்கு அல்லது பதப்படுத்திய, ஒளி புகாப் பிளாஸ்ரிக். வெயில் படாத, குளிர்ந்த, காற்றோட்டமான இடம். ஒவ்வொரு கலத்தின் மீதும் பெயரும் திறந்த நாளும். கலத்தை நிரப்பும்போது ஊர்தியின் மேல் வைக்காது நிலத்தில் வைத்தே நிரப்புதல் வேண்டும். மின்னேற்றத்தால் எழும் சிறு பொறியும் பெருந்தீயாகலாம்.

விலையுயர்ந்த எரிபொருளை வாங்கும் பொருள் வல்லமை பலருக்கு உண்டு. அதனை வாங்கிய நாளிலிருந்த தரத்தோடு ஓட்டத் தொடக்கம் வரை காப்பவனே அதன் முழுப்பயனையும் பெறுகிறான்.