தமிழோடு படிக்கும் ஆங்கிலம்



யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியை ஆராயும் இக்கருத்தரங்கில் வங்காளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்று அமைப்பாளர்களிடம் கேட்டவன் நான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கல்கத்தாவில் இந்துக் கல்லூரி 1817இல் தொடங்கியது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல். அங்கே உள்ளூர்ப் பிரமுகர்கள் முன்னின்று ஆங்கிலத்தை வரவழைத்தார்கள். இங்கே அமெரிக்க மிஷனரிமார் கொண்டு வந்தார்கள். பின்பு நடந்ததில் வியக்கத்தக்க ஒற்றுமை உண்டு. 1849இல் ஆங்கிலக் காவியம் வெளியிட்ட மைக்கேல் மதுசூதன தத்தர், 1861இல் மேகநாதவதத்தை வங்காளத்தில் பாடினார். பங்கிம் சந்திரரின் முதல் நாவல் 1864இல் ஆங்கிலத்தில் வந்தது. மறு ஆண்டே வங்காள நாவல். இங்கே பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்ற ஆறுமுக நாவலர் தமிழ் உரைநடைக்கு வடிவம் கொடுத்தார். வட்டுக்கோட்டையில் படித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். ஆங்கிலம் நன்றாக வேரூன்றிய இடங்களில் தாய்மொழியும் செழித்தது. இதை நான் தற்செயல் என்று கொள்ளவில்லை.

வகுப்பறைக்கு வருவோம். வங்காள மொழியில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆகவே ஆங்கிலம் பேசும் வங்காளப் பிள்ளை ஆண்பால், பெண்பால் பிரதிப்பெயர்களில் தடுமாறும். நம் பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. வங்காளத்தில் குறில் நெடில் ஒலியால் பொருள் மாறுவதில்லை. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பதும் செம்மறியைக் குறிக்கும் 'ஷீப்' என்பதும் அந்தப் பிள்ளையின் காதுக்கு ஒன்றாகிவிடும். குறில் நெடிலோடு வளர்ந்த நம் பிள்ளைக்கு அது எளிது. நம் பிள்ளையின் சிக்கல் வேறு: குண்டூசியின் ஆங்கிலப் பெயரும் குப்பைத்தொட்டியின் ஆங்கிலப் பெயரும் தமிழ் எழுத்தில் 'பின்' என்றே வரும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே வரும் 'ஏ', 'த' போன்ற சுட்டிடைச்சொல்லும் தமிழில் இல்லை. அதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று உயர்தர மாணவரும் திண்டாடுகிறார்கள். “நான் மாணவன்” என்று வினையில்லாமலே முடிக்கும் பழக்கம் மட்டும் இரு மொழிக்கும் பொது.

ஆனால் நம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் கையிலுள்ள ஆங்கிலப் பாடநூல் இலங்கை முழுவதற்கும் ஒன்றே. அதைப் படிக்கும் பிள்ளை தமிழ் பேசுகிறதா, சிங்களம் பேசுகிறதா என்று அந்த நூலுக்குத் தெரியாது. இக்குறையை ரியூசனால் நிரப்பலாமென்று நினைக்கிறோம். காசுள்ள வீட்டுக்கு அது கைகொடுக்கும், மற்ற வீடுகளுக்கு? மேற்கு வங்காளம் 1980களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியபோதும் இதுவே நடந்தது. வசதியுள்ளோர் தனியார் பள்ளிகளை நாடினார்கள். பின்னர் அரசே ஆங்கிலத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. ஆங்கிலத்தை அகற்றுவது ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் உதவியாகாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, இங்குள்ள ஆங்கில வகுப்புகளில் தமிழ் எப்படிப் புழங்குகிறது என்பதை ஆராய்ந்து உலகறியச் செய்தார். நம் ரீச்சர்மார் இன்றும் விளக்கத்துக்கும் அரவணைப்புக்கும் தமிழுக்குத் திரும்புகிறார்கள். அதிகாரி வந்தால் மறைக்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை. பிள்ளை தனக்குத் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகும் வழி அது. தமிழையே தடைசெய்யும் வகுப்பில் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த இரண்டொருவர் முன்னேறுவார்கள், ஏனையோர் வாய்மூடியிருப்பார்கள்.

இரவீந்திரநாத தாகூர் வங்காளப் பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பாடநூல்களைத் தாமே எழுதினார். அத்தனை பெரிய கவிஞர் அதைச் சிறிய வேலையென்று எண்ணவில்லை. இங்கே கட்டுரை படிக்க வந்திருக்கும் மொழியியலாளர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஆய்வுகளோடு, தமிழ்ப் பிள்ளையின் நாவையும் காதையும் அறிந்த ஒரு மூன்றாம் ஆண்டு ஆங்கிலத் துணைநூலுக்கான பாடத் திட்டத்தையும் ஆக்கித் தாருங்கள். கலைந்து போவதற்கு முன்னரே அதற்கொரு குழுவை அமைத்துவிடுங்கள்.