இளையான்குடி இல்லத்தின் கீரையமுது



ஆவணித் திங்கள் மக நாள், இளையான்குடி மாறநாயனாரின் குருபூசைத் திருநாள். இன்றைய சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியில் வேளாண் குடியில் தோன்றிய அப்பெருமகனார், சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய திருத்தொண்டத்தொகையில் இடம்பெற்றவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அவர் வரலாற்றைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். அவ்வரலாற்றின் உயிர்நிலை ஓர் எளிய அடுக்களையில் அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

அடியார்க்கு அமுதளித்தே செல்வமெல்லாம் கரைந்த காலம். மழைக்கால நள்ளிரவு. கணவனும் மனைவியும் பசித்திருந்த வேளையில் ஈசனே அடியார் கோலத்தில் வந்து வாயிலில் நின்றார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. அயலாரிடம் கடன் கேட்கவும் வழியில்லை. அப்போது மனைவியார்தாம் வழி கண்டார்: ‘இன்று பகலில் வயலில் விதைத்த நெல்முளையை வாரிக் கொணர்ந்தால் அமுது ஆக்கலாம்’ என்றார். மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கொட்டும் மழையில் காலால் வழி தடவிச் சென்று, நீரில் மிதந்த முளைநெல்லை வாரி வந்தார். விறகு இல்லையென்றதும் கூரையின் வரிச்சுகளை அறுத்துத் தந்தார். மனைவியார் நெல்லின் சேற்றைக் கழுவி, வறுத்து, குற்றி, அரிசியாக்கி உலையிலிட்டார்.

கறியமுதுக்கு என் செய்வது? மாறனார் கொல்லைக்குச் சென்று, இன்னும் வளர்ந்து நிரம்பாத இளங்கீரையைக் கையால் தடவிப் பறித்து வந்தார். பாசத்தை வேரோடு களைபவர் போல அவர் பறித்தார் என்று சேக்கிழார் உவமை காட்டுகிறார். அந்த ஒரு கீரையைக் கொண்டே அம்மையார் தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறிகளைச் சமைத்தார். அமுது செய்ய அழைத்தபோது அடியாரைக் காணவில்லை; சோதியே தோன்றியது. உமையம்மையோடு விடைமேல் எழுந்தருளிய இறைவன் இருவரையும் ஆட்கொண்டான்.

அன்பர்களே! அந்த இரவில் உலைக்கு வந்த பொருள் எதுவும் கடைத்தெருவிலிருந்து வரவில்லை. வயலும் கொல்லையும் கூரையும் தந்தவை அவை. அவற்றை அமுதாக மாற்றியவை இரண்டு: விருந்தினர் பசித்திருக்கலாகாது என்ற அன்பு, ஒரு கீரையைப் பல கறியாக்கத் தெரிந்த அறிவு. அன்பு இருந்தும் அவ்வறிவு இல்லையெனில் இலையில் வெறுஞ்சோறே விழுந்திருக்கும்.

அவ்வறிவு நம் முன்னோர் இல்லங்களில் வாழையடி வாழையாக வந்தது. வயல் வரப்பில் பொன்னாங்கண்ணி, நீர்க்கரையில் வல்லாரை, வேலியில் முடக்கத்தானும் தூதுவளையும், குப்பை மேட்டில் குப்பைக்கீரை, கொல்லையில் முருங்கை என எது எங்கே தழைக்கும் என்பதை வீட்டுப் பெண்மணிகள் அறிந்திருந்தனர். முடக்கத்தான் தோசைமாவில் சேர்ந்தது. தூதுவளை சளி பிடித்த நாளில் ரசமாயிற்று. பிரண்டை நார் நீக்கி வதக்கப்பெற்றுத் துவையலாயிற்று. மணத்தக்காளியின் கீரை கூட்டாகவும் காய் வற்றலாகவும் பயன்பட்டது.

நம் திருவிழாக்களும் பருவத்தோடு ஒட்டியே அமைந்தன. சித்திரை முதல் நாளில் மாங்காயும் வேப்பம்பூவும் பச்சடியாகின்றன. இரண்டும் அப்பருவத்தில் கிடைப்பவை. மார்கழித் திருவாதிரைக் களியோடு படைக்கும் காய்கறிக் குழம்பில் பூசணி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி ஆகியவை சேர்கின்றன. தைப்பொங்கலன்று புத்தரிசியும் கரும்பும் இலையோடு கூடிய மஞ்சள் கொத்தும் இறைவன் முன் வைக்கப்பெறுகின்றன. நிலம் அந்தந்தப் பருவத்தில் தந்ததை முதலில் இறைவனுக்குக் காட்டிப் பின் உண்பதே அவ்வழக்கங்களின் உட்பொருள்.

இன்று அச்சங்கிலியின் கண்ணிகள் அறுந்து வருகின்றன. கீரையின் பெயரைக் கேட்டால் இலையைக் காட்டத் தெரியாத தலைமுறை வளர்கிறது. மறுபுறம், 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். கீரை மட்டுமே அதற்கு மருந்தாகிவிடாது; மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும். எனினும் இரும்புச்சத்துள்ள முருங்கைக்கீரை கொல்லையில் உதிர்ந்து கிடக்க, இல்லத்தாய் சோர்ந்து கிடப்பது தகுமா?

செய்யத்தக்கவை எளியவை. ஆடி, ஆவணி மழையில் ஒரு முருங்கைப் போத்தை நட்டால் அது துளிர்க்கும். நிலமில்லாதோர் மாடியில் மண்தொட்டி வைத்து, அரிசி களைந்த நீரை ஊற்றிச் சிறுகீரை விதைத்தால், ஏறத்தாழ ஒரு திங்களில் பறிக்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மீண்டும் தழைக்கும். தானாக வளர்ந்த கீரையைப் பறிக்கும்போது, நன்கறிந்த மூத்தோர் காட்டிய செடியை மட்டுமே கொள்ள வேண்டும். ஐயமுள்ள இலையைத் தொடலாகாது. சாக்கடை ஓரத்திலும் பூச்சிமருந்து தெளித்த வயலிலும் பறித்தல் கூடாது. பறித்ததைப் பலமுறை அலசி, வேண்டிய அளவு நீரில் வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்த்தல் நலம். உண்ணும்போது சிறிது எலுமிச்சைச் சாறு சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

இவற்றுள் முதன்மையானது ஒன்று உண்டு. பாட்டியார் கீரை ஆயும்போது பேரக்குழந்தையும் அருகே அமரட்டும். ‘இது இன்ன கீரை, இதன் தண்டு இப்படி, இதன் மணம் இப்படி’ என்று கையில் கொடுத்துச் சொல்லட்டும். இவ்வறிவு ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. கையிலிருந்து கைக்கு மாற வேண்டும். அறிந்த மூதாட்டி ஒருவர் மறைந்தபின் அவ்வூரில் அச்செடி வெறும் களையாகிவிடும்.

கொல்லையில் பறித்த கீரையில் ஒரு பிடி அயல் வீட்டிற்கும், சமைத்த உணவில் ஒரு கவளம் பசித்து வந்தவர்க்கும் ஒதுக்குவோமாக. இளையான்குடி இல்லத்தின் இலையில் இருந்தது முற்றாத கீரைதான். அதைப் பெற வந்தவன் முழுமுதற் பரம்பொருள். நம் வாயிலில் நிற்பவர் யார் என்பதை நாம் அறியோம். அடுப்பில் அன்பு குறையாதிருக்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.