பஞ்சாப் நெல்லுக்கு மாறிய கதை



பஞ்சாப் வீடுகளில் இன்றும் ரொட்டிதான் சாப்பாடு. சோறு எப்போதாவது, ராஜ்மாவோடு. ஆனாலும் மத்தியத் தொகுப்புக்கு அரிசி கொடுக்கும் மாநிலங்களில் பஞ்சாப் முன்வரிசையில் நிற்கிறது. 1960-61-இல் அங்கே நெல் விளைந்தது சுமார் 2.3 லட்சம் ஹெக்டேரில். இன்று 30 லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் அது நெல்லுக்குப் பற்றாத மழை பெய்கிற சீமை.

பிறகு எப்படி? எல்லோரும் விதையைச் சொல்வார்கள். 1966-இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை கப்பலில் வந்தது, ஐ.ஆர்.8 நெல் வந்தது, உண்மைதான். ஆனால் விதை எல்லா மாநிலத்துக்கும்தான் போனது. பஞ்சாபில் கூடுதலாக இருந்தது, விளைந்ததை வாங்கிக்கொள்ள ஆள். சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்த 1965-இல் இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் திறந்தது. பலனை வாரிக்கொண்டது என்னவோ பஞ்சாப். மண்டிக்கு மண்டி அரசுக் கொள்முதல், அறிவித்த ஆதரவு விலை. மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும் ஒதுங்கிக்கொண்டன. 1997-இல் விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசமானது. மோட்டார் ஓட ஓட நிலத்தடி நீர் கீழே போனது. ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக இறக்கினார்கள்.

கோடை வெயிலில் நட்டால் தண்ணீர் ஆவியாகியே வீணாகிறதென்று 2009-இல் ஒரு சட்டம் வந்தது: ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றது அப்போது. சரியான சட்டம்தான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளுமே! அக்டோபர் கடைசியில் அறுப்பு. நவம்பர் நடுவுக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் கிடைப்பது இரண்டு, மூன்று வாரம். அறுவடை இயந்திரமோ கதிரை வாங்கிக்கொண்டு தாளை வயலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அதை உழுது மடக்க டிராக்டர் வாடகை, டீசல் செலவு. ஒரு தீக்குச்சிக்கு என்ன செலவு? அந்த நேரம் பார்த்துக் காற்றின் வேகமும் குறைந்துவிடும். புகை கலையாமல் டெல்லி வரை போகிறது. டெல்லியின் மாசுக்கு வேறு காரணங்களும் உண்டு, பழி முழுவதும் உழவர் தலையில் விழுவது நியாயமில்லை.

லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர்.126 நெல் ரகம், பழைய பூசா 44-ஐவிட ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே அறுப்புக்கு வந்துவிடும். தண்ணீரும் மிச்சம், கோதுமைக்கு அவகாசமும் உண்டு. ஆனால் அதுவும் நெல்தான். நெல்லை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறுங்கள் என்று அரசு பல ஆண்டுகளாகச் சொல்கிறது. அதற்கும் ஆதரவு விலை அறிவிக்கிறார்கள். மண்டிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் வாங்குவது தனியார் வியாபாரி, அவர் சொல்வதே விலை. பக்கத்துக் குவியலில் கிடக்கும் நெல்லை மட்டும் அரசு முழு விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறது.